ஷோகேஸில் இருந்த பிரையர் பைப்

போன ஞாயிற்றுக்கிழமை ராகவன் சார் சிரித்துக்கொண்டே விரலைச் சுட்டுக்கொண்டார். நான்தான் சாட்சி. டேபிள் லாம்ப்பைத் தூக்கிப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றேன்.

மந்தைவெளியில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் அவர். கீழே அவர், மாடியில் நான். வெள்ளைக்காரர்கள் ஆரம்பித்த தேயிலைக் கம்பெனியில் ஆபீசராக இருந்து ரிடையர் ஆனவர். துரைகளிடமிருந்து ஒட்டிக்கொண்ட ஒரே பழக்கம், பைப்பில் புகை பிடிப்பது. பழைய பைப் விரிசல் விட்டபோது, லண்டனில் இருக்கும் ஒரே பிள்ளை முரளியிடம் போனில் கேட்டார்.

"பிரையர்தான்டா வேணும். வேற மரம்னா வேண்டவே வேண்டாம்."

அதென்ன பிரையர்? மத்தியதரைக்கடல் பக்கத்துப் புதர் ஒன்றின் வேர்க்கட்டை. உள்ளே நெருப்பு கனன்றாலும் லேசில் கருகாது, கையைச் சுடாது. விலை எக்கச்சக்கம். அதனால்தான் மலிவு பைப்புகளை ரோஸ்வுட், செர்ரி என்று கிடைக்கிற கெட்டி மரத்தில் கடைந்து, வார்னிஷ் அடித்து விற்கிறார்கள்.

நானும் ஒன்று வாங்கியிருக்கிறேன்... பாண்டி பஜாரில், 'ஃபாரின் சாமான்' விற்கும் பிளாட்பாரக் கடையில். ரோஸ்வுட். கழுத்தில் பித்தளை வளையம். பிரையரா என்று கேட்டதற்குக் கடைக்காரர் சிரித்தார். "இன்னா சார், இதுவும் மரந்தான்! ஊதுனா பொகை வர்துல்ல?"

வந்தது. கூடவே வார்னிஷ் நாற்றமும். ஒரே வாரத்தில் நாக்கு புண்ணாகி, பைப்பைத் தூக்கிப் பரணில் போட்டேன்.

போன வருஷம் முரளி லீவில் வந்துபோன பிறகு, ராகவன் சார் வீட்டு ஷோகேஸில் வெல்வெட் துணிமேல் ஒரு பைப் உட்கார்ந்திருந்தது. அதே பித்தளை வளையம். அதே வார்னிஷ். என் பைப்பின் உடன்பிறப்பு!

நான் வாயைத் திறக்கவில்லை. "லண்டன்லேர்ந்து முரளி வாங்கிண்டு வந்தான்" என்று அவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அதை அவர் புகைத்துப் பார்த்ததில்லை. நம் வீடுகளில் ஃபாரின் சாமான் எதுதான் உபயோகத்துக்கு வந்திருக்கிறது? சோப்பைக்கூட பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைக்கிற கூட்டம் நாம். இவரும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் முரளி வீடியோ கேமராவோடு வந்தான்.

"அப்பா, நான் வாங்கித் தந்த பைப்பைப் பிடிங்கோ. அங்க ஃப்ரெண்ட்ஸுக்குக் காட்டணும்."

"ஷோகேஸ்ல அழகா இருக்கேடா... இருக்கட்டுமே."

"ஒரிஜினல் பிரையர்ப்பா! பிடிக்கத்தானே வாங்கினேன்?"

சார் பற்ற வைத்தார். கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் கொப்புளம் விட்டது. கருகல் வாடை. சிரித்துக்கொண்டே சார் சுடுகிற பைப்பை விரல் மாற்றி விரல் பிடிப்பது, நான் பிடித்திருந்த லாம்ப் வெளிச்சத்தில் எனக்குத் தெரிந்தது. கேமராவில் கண்ணை வைத்திருந்த பிள்ளைக்குத் தெரியவில்லை.

"ஆட்டாதீங்கோப்பா... எப்படி இருக்கு?"

"பேஷா இருக்குடா."

படம் எப்படி வந்திருக்கிறது என்று டி.வி.யில் போட்டுப் பார்க்க முரளி உள்ளே ஓடினான். சாரின் விரல்கள் சிவந்திருந்தன. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. லண்டனிலேயே குடியிருப்பவனுக்கு அங்கே ஒரு கடைக்குப் போக நேரமில்லை — இங்கே வந்து பாண்டி பஜாரில் வாங்கிப் பொய் சொல்ல மட்டும் நேரம் இருந்திருக்கிறது!

"சார், இது பிரையர் இல்லை" என்றேன். சொல்லியே விட்டேன்.

"தெரியுமே" என்றார். "கையில வாங்கினப்பவே தெரிஞ்சுது. அதனாலதான் ஷோகேஸ்ல வச்சேன். பத்த வச்சா கருகும். கருகினா அவனைக் கேக்கணும். கேட்டா, பாவம், என்ன சொல்லுவான்?" விரலை ஊதிக்கொண்டார். "மெதுவாப் பேசுங்கோ. அவன் காதுல விழப்போறது."

முரளி திரும்பி வந்தான்.

"ஸாரிப்பா, ரெகார்டே ஆகலை. இன்னொரு தடவை பத்த வைங்கோ."

ராகவன் சார் பைப்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.