கோமு கேட்ட பைப்புச் சத்தம்

ஸ்பீச் தெரபிஸ்டாக நான் பெருமையோடு எழுதிய முதல் ரிப்போர்ட்டே தப்பு. இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பெண்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன். கேட்டுச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அறுபதுகளின் நடுவில் பம்பாயில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். மாட்டுங்காவில் வளர்ந்தவள். புதுப் படிப்பு, புது வெள்ளைக் கோட்டு, கால் தரையில் பாவவில்லை. தமிழ்க் கேஸ் வந்தால் என் மேஜைக்குத்தான் தள்ளுவார்கள்.

அப்படி வந்தவள் கோமு. நாலு வயது, ஒரு வார்த்தை பேச்சில்லை. தாராவியிலிருந்து அவள் அம்மா இசக்கியம்மாள் இடுப்பில் தூக்கி வந்திருந்தார். நான் குழந்தைக்குப் பின்னால் நின்று மணி அடித்தேன், கை தட்டினேன், டமாரத்தை ஓங்கி அடித்தேன். பக்கத்து அறை நர்ஸ் எட்டிப் பார்த்தார். கோமு திரும்பவில்லை. காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கிற ஆடியோமீட்டரின் ஹெட்போனை மாட்டினால் பிடுங்கி எறிந்தாள்.

"இவளுக்குக் காது கேக்கலை," என்றேன்.

"கேக்கும் டாக்டரம்மா. பைப்புல தண்ணி வர்றதுக்கு முந்தியே அவளுக்குத் தெரிஞ்சிரும்லா."

"எல்லா அம்மாவும் இப்படித்தான் சொல்றா."

நான் டாக்டர் இல்லை என்று சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. இரண்டு காதும் கேட்கவில்லை என்று எழுதிவிட்டேன். அதை நம்பி எங்கள் பிரிவின் தலைவர் வெளியூரில் காது கேளாதோர் பள்ளி விடுதியில் ஒரு இடம் பிடித்துக் கொடுத்தார். ஃபாரத்தில் அம்மாவின் கைநாட்டு மட்டும் பாக்கி. இசக்கியம்மாளோ திரும்பி வரவே இல்லை.

"திங்கக்கிழமை ஃபாரம் போகலைன்னா சீட்டு போயிடும். நீயே போய் வாங்கிண்டு வா," என்றார் தலைவர்.

சனிக்கிழமை மத்தியானம் எரிச்சலோடு தாராவிக்குப் போனேன். இசக்கியம்மாளின் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கார்கானா. பழைய எண்ணெய் டின்களைத் தட்டி நிமிர்த்துகிற பட்டறை. ஒவ்வொரு அடிக்கும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோமு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயத் தோலை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அசையவே இல்லை.

"கேக்குற பிள்ளைய ஊரு விட்டு ஊரு எதுக்கு அனுப்பணும்? கைநாட்டு வைக்க மாட்டேன்." அந்த இரைச்சலில் இதை இசக்கியம்மாள் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது கார்கானாவில் டீக்கு நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் கோமு தலையைத் தூக்கினாள். சின்னக் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

"பாத்தீயளா? தண்ணி வருது," என்று இசக்கியம்மாளும் பெரிய குடத்தோடு ஓடினார்.

எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. பின்னாலேயே போனேன். சந்தின் கோடியில் பைப்பு வெறும் காற்றாக உஸ் என்று சீறிக்கொண்டிருந்தது. கோமுதான் முதல் ஆள். அவள் குடத்தை வைத்த பிறகுதான் தண்ணீரே விழுந்தது.

அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. பொழுதெல்லாம் டமாரத்துக்குள் குடியிருக்கிற குழந்தையிடம் நான் டமாரம் அடித்துக் காட்டியிருக்கிறேன். அவளுக்குப் பெரிய சத்தம் எதுவும் ஒரு பொருட்டே இல்லை. அந்த இரைச்சலில் வீட்டிலும் யாரும் பேசுவதில்லை, எல்லாம் கைஜாடைதான். பிறகு பேச்சு எங்கிருந்து வரும்?

திங்கட்கிழமை இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி, தலைவரைக் கூட வைத்துக்கொண்டு, கோமுவின் முதுகுக்குப் பின்னால் டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன். சட்டென்று திரும்பினாள்.

"நீ எழுதினதை நீயே அடிச்சு எழுது," என்றார் அவர். எழுதினேன்.

கார்கானா ஓய்கிற டீ நேரத்திலும் பைப்படியிலும் குழந்தையோடு வாய் ஓயாமல் பேசச் சொன்னேன். இசக்கியம்மாள் சொன்னதற்கு மேலேயே செய்தார். வாரம் இரண்டு நாள் என்னிடமும் கூட்டிவந்தார். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாள் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"டாக்டரம்மா, பைப்பு வரிசையில குறுக்க வந்தவளப் பாத்து 'தள்ளு'ன்னுட்டா."

பிள்ளையின் முதல் வார்த்தையே சண்டை. இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து அழுதோம்.

அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும்வரை, கேஸ் ஷீட்டில் என் முதல் வரி அம்மா சொன்னதுதான், அவர் சொன்ன வார்த்தையிலேயே. அந்த ஃபாரம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கைநாட்டு வைக்க வேண்டிய கட்டம் காலியாகவே இருக்கிறது. இசக்கியம்மா, நீங்கள் நன்றாயிருக்க வேண்டும்.