சுகமா இரிக்கன்

தொண்டைப் புற்றுநோய்க்காகச் செய்த ஒப்பரேசனோடு ராத்தா என்று நான் கூப்பிடும் என் அக்காவின் குரல் போய்விட்டது. மருதமுனையில் அவருடைய வீடும் என் வீடும் ஒரே வளவுக்குள் இருந்தன. விரலளவு ஓஎல்ஈடி திரை ஒன்றை வாங்கி, அதை ஒரு சின்னக் கணினியோடு நாலு வயரால் இணைத்தேன். வசனத்துக்கு ஒன்றாகப் பொருத்திய பொத்தானை அமத்தினால் நான் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட் என்ற சின்ன நிரல் ஓடி அந்த வசனத்தைத் திரையில் காட்டும். அதிலிருந்த எழுத்துருவில் தமிழ் இல்லாததால் ஒவ்வொரு வசனத்தையும் படமாக்கிக் கொடுத்தேன்.

"தண்ணி வேணும்", "நோகுது" என்ற இரண்டையும் நானே போட்டேன். மூன்றாவதை ராத்தா கொப்பியில் எழுதித் தந்தார்: "சுகமா இரிக்கன் மகன்."

அவருடைய ஒரே மகன் கட்டாரில் வேலை செய்தான். அவன் வீடியோவில் அழைக்கும்போதெல்லாம் ராத்தா முக்காட்டால் கழுத்தை மூடிக்கொண்டு அந்த வசனத்தின் பொத்தானை அமத்தித் திரையை அவனுக்குக் காட்டுவார். கஞ்சிகூட இறங்காத கடைசிக் கிழமையிலும் அப்படித்தான்.

"அவன வரச் சொல்லட்டா ராத்தா?" என்று கேட்டேன். அவர் வேண்டாமென்று தலையாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் சொல்லவில்லை.

அவன் வந்து சேர்ந்தபோது ஜனாஸாவை அடக்கி ஒரு நாள் ஆகிவிட்டது. மையவாடியில் உம்மாவை அடக்கிய இடத்தைப் பார்த்து வந்தவன் என் முன்னால் நின்றான்.

"மாமா, உம்மா ஒவ்வொரு நாளும் சுகமா இரிக்கன் எண்டுதானே காட்டினா? உங்களுக்கும் தெரியாதா?"

"தெரியும் மகன்" என்றேன்.

அவன் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் போய் உம்மாவின் கட்டிலில் படுத்துக்கொண்டான். கட்டாருக்குத் திரும்பிய பிறகு அவன் எனக்கு ஒரு போன் கோல்கூட எடுத்ததில்லை.