சசாங்கன் மாஷ் திறந்துவைத்த மேசை

வடகரைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் லேபைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியர் சசாங்கன் மாஷுக்குத் தன் மூளையைப் பற்றி எப்போதுமே உயர்ந்த அபிப்பிராயம். வேறு யாருக்கும் அந்த அபிப்பிராயம் இல்லாதது அவர் குற்றமில்லை.

சக்கர நாற்காலியில் வரும் ரிஸ்வானாவால் லேபில் எந்த மேசையிலும் உட்கார முடியவில்லை, முட்டி இடிக்கும். அதனால் ஆபீஸ் அறையில் ஒரு லேப்டாப்போடு தனியாகவே பயிற்சி. "எனக்கும் எல்லாரோடயும் லேப்ல உக்காரணும் மாஷே" என்று அவள் கேட்டதும் மாஷ் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். முதல் வேலையாக வீட்டு நாற்காலியில் அமர்ந்து தன் முட்டிக்கு அளவெடுத்தார்.

"மேசைல உக்காரப்போறது நீங்களா?" என்றாள் மனைவி பிரசன்னா.

மாஷ் முறைத்தார். மறுநாள், தனக்கே தோன்றியதுபோல, ரிஸ்வானாவின் நாற்காலியை அளந்தார்.

மேசை வந்தது. நம் ஊரில் தண்ணீர்க் குழாயைக்கூடத் திறப்புவிழா வைக்காமல் திறக்க மாட்டோம், மேசையை விடுவோமா? குத்துவிளக்கு, ரிப்பன், பிரின்சிபால் உரை, மாஷின் படம் போட்ட ஃப்ளெக்ஸ். படம் மேசையைவிடப் பெரிது. நன்றியுரை முடிந்து பழம்பொரியும் சாயாவும் காலியான பிறகுதான், மேசைக்கு உரியவள் கூட்டத்துக்குப் பின்னால் இருப்பது யாருக்கோ ஞாபகம் வந்தது.

ரிஸ்வானா நாற்காலியை உள்ளே தள்ளினாள். முட்டி இடிக்கவில்லை. மாஷ் மீசையைத் தடவிக்கொண்டார்.

"நல்லா இருக்கு மாஷே. ஆனா எல்லாரும் அங்க இருக்காங்க, நான் மட்டும் ஏன் சுவரப் பாத்துட்டு இருக்கேன்?"

"கதவுப் பக்கம் மோளே. வரப்போக சௌகரியம். யார் தொந்தரவும் இல்ல."

"தொந்தரவே இல்லாமத்தான் ஆபீஸ் ரூம்ல இருந்தேன்."

மாஷுக்குச் சுருக்கென்றது. ஊரைக் கூட்டி விளக்கேற்றி, அவளை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாற்றியிருக்கிறார்! இதற்கு ஃப்ளெக்ஸ் வேறு. வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்று மாலையே மேசையை நடுவரிசைக்கு நகர்த்தினார். நாற்காலி திரும்ப இடம் போதாததால், தன் சொந்த மேசையை வராந்தாவில் தள்ளினார்.

அடுத்த வாரம் பாடத்தின் நடுவே நடுவரிசையில் ஒரே கிசுகிசு. மாஷுக்குச் சுர்ரென்று ஏறியது.

"ரிஸ்வானா! அனுஸ்ரீ! வாய மூடலன்னா ரெண்டு பேரும் வெளிய!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து ரிஸ்வானாவை ஒருவரும் திட்டியதில்லை. அவள் தலை குனிந்திருந்தது, தோள் குலுங்கியது. அழவைத்துவிட்டாயே பாவி என்று மாஷ் தன்னையே சபித்துக்கொண்டு கிட்டே போனார்.

பக்கத்தில் அனுஸ்ரீயின் தோளும் குலுங்கியது. இரண்டும் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தன.

"ஸாரி மாஷே" என்று நிமிர்ந்தாள் ரிஸ்வானா. அவ்வளவு சந்தோஷமாக ஒருவர் மன்னிப்புக் கேட்டு மாஷ் பார்த்ததே இல்லை.