பாவை மிதிக்க விடாதவர்

மெட்ராஸ் ஜவுளிக் கம்பெனி ஒன்றுக்காக என்னிடம் பட்டு கொள்முதல் செய்ய கம்பெனி கொடுத்த காரில் ஆரணிக்கு வருவார் அவர். எந்தச் சேலையையும் தன் தோளில் போட்டு, வெயிலில் நின்றுதான் பார்ப்பார். மீசை வைத்த மணப்பெண் மாதிரி.

ஒரு ஐப்பசியில் விடாத மழை. தறியில் ஏற்றும் பாவு நூலைத் தெருவில் நீட்டிக் காயவைக்க முடியாமல் தறிகள் நின்றுபோயின. வெயில் வந்து தெரு நீளத்துக்கும் நூலை நீட்டிய அன்றே, தாமதமான ஆர்டரை ரத்து செய்ய அவருடைய மேனேஜர் காரில் வந்து ஹாரன் அடித்தார்.

"ஜல்தியா பாவைச் சுருட்டுங்கப்பா!" என்று அலறினேன். விட்டால் கார் போக என் வேட்டியையே அவிழ்த்து விரித்திருப்பேன்.

அன்று என்னிடம் சரக்குப் பார்த்துக்கொண்டிருந்த அவரோ தோளில் சேலையோடு காரை மறித்தார். "எறங்கி நடங்க சார். காயறது நம்ம சரக்கு. மழை பேஞ்சதுக்கு இவங்களையா தண்டிக்கிறது?"

மேனேஜர் இறங்கி ஓரமாக நடந்து வந்தார். ஆர்டர் தப்பியது.

அடுத்த முறை அவர் பஸ்ஸில் வந்தார்.

"காரு எங்கங்க?"

"புடுங்கிட்டாங்க. நீங்க சேலையை எடுங்க" என்று தோளைக் காட்டினார்.