பால் டின்னின் எடை

அம்மாவின் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. பாயா ரும்புட்டில் எங்கள் வீட்டு வாசலில் மழைத் தண்ணீரில் வழுக்கி விழுந்திருந்தார். சிம்பாங் அம்பாட்டில் ஒரு மளிகைக் கடைக்கு வாராவாரம் சனிக்கிழமை முறுக்கு பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தவர், இனி ஆறு வாரம் மாவைத் தொட முடியாது.

"கை ஆறிரும்டா. கடையில வேற ஆளு பாக்கெட் தொங்கிருச்சுன்னா நம்மள திரும்பக் கூப்பிட மாட்டாங்க."

சிம்பாங் அம்பாட்டிலேயே இருக்கும் சித்தி, தான் சுட்டுத் தருவதாகச் சொன்னார். அம்மா போனிலேயே அளவு சொன்னார்: அரிசி மாவு நாலு டின், வறுத்த உளுந்து மாவு ஒரு டின், வெண்ணெய் எட்டு பெரிய ஸ்பூன், உப்பு மூணு சின்ன ஸ்பூன்.

"எந்த டின்னு, அக்கா? என்கிட்ட காப்பி குடிக்கிற மங்குதான் இருக்கு. கிராமுல எழுதி அனுப்பச் சொல்லு, படிச்ச புள்ள வீட்டுல இருக்கான்ல."

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வரை போன முதல் ஆள் நான். அம்மாவின் டின் கெட்டிப்பால் டின். பக்கத்தில் அரைகுறையாக ஒட்டியிருந்த காகிதத்தில் 500 கிராம் என்று அச்சாகியிருந்தது. நாலு டின் இரண்டு கிலோ. ஒரு டின் அரை கிலோ. இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டேன்.

மறுநாளே போனில் சித்தியின் குரல் வந்தது. "என் பல்லு போச்சுலா! உப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன் சர்ட்டிபிகேட்ட எண்ணெயில போட்டிருந்தா இதவிட மொறுமொறுன்னு வந்திருக்கும்."

நான் டின்னை அம்மாவிடம் காட்டினேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "அது உள்ள பால் இருந்தப்ப போட்ட எடைடா. மாவும் பாலும் ஒண்ணா?"

அடர்த்தி பற்றிப் பரீட்சையில் எழுதித் தேறியவன் நான். அன்றைக்கே தராசு வாங்கி வந்தேன்.

வெறும் டின்னை வைத்துச் சுழியமாக்கி, அம்மாவையே இடது கையால் நிரப்பச் சொன்னேன். அரிசி மாவை அள்ளியதும் டின்னை மேசையில் இரண்டு முறை தட்டினார். முதல் டின் 224 கிராம். இரண்டாவது 247.

"இது வேணாம், கொட்டு. இந்தக் கைக்குப் பழக்கம் இல்ல, அமுக்கிருச்சு."

அவர் தலையாட்டிய டின்களை மட்டும் எழுதினேன். ஐந்து முறை 220-க்கும் 226-க்கும் நடுவில் வந்த பிறகுதான் உளுந்துக்குப் போனேன்; அதை அவர் தட்டவே இல்லை. வெண்ணெயையும் உப்பையும்கூட ஸ்பூன் ஸ்பூனாக நிறுத்தேன். "போதும்டா, கையி ரெண்டும் போயிரும்," என்றார். நான் விடவில்லை.

என் கணக்கில் மாவு இரண்டு பங்குக்கும் மேலே போயிருந்தது. வெண்ணெயும் உப்பும் மட்டும் அம்மா சொன்ன அளவிலேயே நின்றுவிட்டன. கல்லாகாமல் என்ன செய்யும்?

வெள்ளிக்கிழமை தராசைப் பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் சித்தி வீட்டுக்குப் போனேன். ஒவ்வொன்றையும் நானே நிறுத்துக் கொடுத்தேன். சித்தி பிசைந்து பிழிந்தார். முதல் சுற்று வெந்ததும் ஆறவிடாமல் கட்டிக்கொண்டு வந்தேன்.

அம்மா ஒன்றை ஒடித்தார். மென்றார். இன்னொன்றையும் எடுத்து ஒடித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

எழுந்து போய், பாக்கெட்டில் ஒட்டும், தன் பெயர் அச்சிட்ட ஸ்டிக்கர் கட்டை எடுத்து வந்து என் கையில் வைத்தார்.

"விடியறதுக்குள்ள சித்திகிட்ட கொண்டுபோய் ஒட்டச் சொல்லு. கோணலா ஒட்டுவா, பார்த்துக்க."