பயனாளி முத்துமாரியம்மாள்

பரளச்சியில் குதிரைவாலி விதைக்கு யாரும் விலை கேட்பதில்லை. வாங்கியவர், அறுவடை முடிந்ததும் அதே அளவை விதையில்லாத வேறொரு வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். மழை பொய்த்து, விதைக்கு வைத்திருந்ததையும் ஊர் பொங்கித் தின்றுவிட்ட ஓர் ஆண்டில் இவ்வழக்கத்தைத் தொடங்கியவர் முத்துமாரியம்மாள். பிறந்த ஊரிலிருந்து ஒரு மூட்டையைப் பஸ்ஸில் ஏற்றிவந்து தெருவுக்கே பங்கிட்டார். பக்கத்து வீட்டுச் சுமதியும் கூடவே அலைந்தாள். திருச்சுழி, வீரசோழன் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் இருவரும் விதை சுமந்தார்கள். ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டார்கள். உறவு ஏதுமில்லை, ஆயினும் சுமதிக்கு அவர் மதினிதான்.

பிறகு தொண்டு நிறுவனம் ஒன்று வந்து, இதற்கு ‘விதைப் பகிர்வு வலையமைப்பு’ என்று பெயர் சூட்டியது. பட்டம் படித்திருந்த சுமதியை ஒருங்கிணைப்பாளர் ஆக்கியது. முத்துமாரியம்மாளுக்கு அதில் பெருமைதான். இந்த ஆவணியில், வலையமைப்பால் விளைந்த மாற்றத்தை மதிப்பிட இருவர் வருவதாகத் தகவல் வந்தது.

“நீங்க ஆரம்பிச்சதுன்னு அவுக முன்னால நானே சொல்லுவேன், மதினி,” என்றாள் சுமதி.

அதைக் கேட்பதற்காகவே அவர் பெட்டியிலிருந்த சேலையை உடுத்திப் போய்ச் சமுதாயக் கூடத்தின் முன்வரிசையில் அமர்ந்தார்.

சுமதி மைக்கைப் பிடித்தாள். “எங்க நிறுவனம் வர்றதுக்கு முன்னாடி இங்க யாருகிட்டயும் விதை கிடையாது, சார். இவங்க முத்துமாரியம்மாள். எங்க முதல் பயனாளி.”

“ஏக்கா, ஒன் வெதைய ஒனக்கே குடுத்தாகளாக்கா?” என்று பின்வரிசையிலிருந்து அதே தெரு மாரிக்கனி சீண்டினாள். பெண்கள் சிரித்தார்கள். முத்துமாரியம்மாள் சுமதியையே பார்த்தார். அவளோ மைக்கின் ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

வந்தவர்களில் ஒருவர் பணிவாகக் கேட்டார்: “வலையமைப்பு வந்த பிறகு உங்க வாழ்க்கையில என்ன மாற்றம்மா?”

முத்துமாரியம்மாள் எழுந்தார். “முன்னெல்லாம் இந்தச் சுமதி என்னைய மதினின்னு கூப்பிடுவா. இப்பப் பயனாளிங்கா. வேற ஒண்ணும் மாறல, சார்.”

சொல்லிவிட்டுக் கூடத்தைவிட்டு வெளியேறினார்.

வெளியே சுமதி ஓடிவந்து கையைப் பிடித்தாள். “நிறுவனம் செஞ்சதுன்னு சொன்னாத்தான் அடுத்த வருசமும் எனக்கு வேலை இருக்கும், மதினி.”

“அத மொதல்லயே எங்கிட்டச் சொல்லியிருந்தா, ஒனக்காக நானே அப்பிடிச் சொல்லியிருப்பேனே.” கையை விடுவித்துக்கொண்டு நடந்தார்.

புரட்டாசியில் மழை இறங்கியதும் சுமதி விதைக்கு வந்து நின்றாள். வழக்கத்தை மீற முத்துமாரியம்மாளுக்கு மனம் வரவில்லை. படியில் தலைதட்டாமல் குவியலாகவே அளந்து அவள் மடியில் கொட்டினார்.

“பாத்துப் போங்க, மேடம்,” என்றார்.