மூஞ்சியாலயா டைப் அடிக்கா?

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு விசாரணையில் கலந்துகொண்டேன். பயப்படாதீர்கள்… வீட்டில் உட்கார்ந்தபடி, வீடியோ காலில்தான். குற்றச்சாட்டு என்ன தெரியுமா? அதிவேகம். வண்டி ஓட்டியதில் இல்லை, டைப் அடித்ததில்!

அங்கே எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். 'இனிமேல் கையால் எழுதி அனுப்பாதீர்கள் சார், உங்கள் எழுத்தைப் படிக்க இங்கே ஆள் இல்லை' என்று இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். ஐம்பத்தாறு வயதில் டைப்பிங் படிக்க எங்கே போவது? பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் தேவசகாயம் அண்ணாச்சிதான் கைகொடுத்தார். தமிழ் டைப்பிங் பழகுவதற்கென்றே அவர் ஒரு இணையதளம் நடத்துகிறார். திரையில் ஒரு பத்தி வரும், பார்த்து அடிக்க வேண்டும். வாராவாரம் போட்டி. யாருக்கு எவ்வளவு வேகம் என்று வரிசைப்படுத்திப் போட்டுவிடுவார்.

என் வேகம் நிமிடத்துக்கு இருபத்திரண்டு வார்த்தை. கீழேயிருந்து பார்த்தால் என்னை உடனே கண்டுபிடித்துவிடலாம்.

மேலே எப்போதும் ஒரே பெயர்தான்… இசக்கிராஜ். விக்கிரமசிங்கபுரத்துக்காரர். அப்பா நூல் மில்லில் வேலை பார்க்கிறார். மகனுக்கு இன்னும் வேலை அமையவில்லை. ஐம்பத்தெட்டு வார்த்தை அடிப்பார். நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்போம்.

மூன்று மாதத்துக்கு முன்னால் 'காயல் 12' என்ற பெயரில் யாரோ வந்து சேர்ந்தார்கள். முதலில் அறுபது. பிறகு எழுபத்தைந்து. போன மாதம்… தொண்ணூற்றாறு!

அவ்வளவுதான். வாட்ஸ்அப் குரூப் பற்றிக்கொண்டது.

"காப்பி பேஸ்ட் வே, சந்தேகமே இல்ல."

"தானா அடிக்கிற சாஃப்ட்வேர்லாம் இருக்காம்லா?"

ஒன்று கவனித்தீர்களா? ஐம்பத்தெட்டு அடித்தவரை யாரும் சந்தேகப்படவில்லை. நம்மைவிடக் கொஞ்சம் முன்னால் போகிறவருக்குக் கைதட்டுவோம். கண்ணுக்கே எட்டாத தூரம் போய்விட்டால்… மோசடி!

பழைய நாளாக இருந்தால் நாலு நாள் பேசிவிட்டு மறந்திருப்பார்கள். இந்தத் தடவை அப்படி விட முடியவில்லை. காது கேளாத மாணவர்களுக்கு ஆன்லைனில் வகுப்பு நடக்கிறது. ஆசிரியர் பேசப் பேச அதை அப்படியே டைப் அடித்துத் திரையில் காட்ட ஒருவர் வேண்டும். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. முதலிடத்தில் இருப்பவரை அனுப்புகிறேன் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். ஒரு வருஷமாக ராப்பகலாகப் பழகிய இசக்கிராஜுக்கு வயிறு எரியாதா? "கேமரா முன்னால அடிச்சுக் காட்டட்டும்" என்று கேட்டது அவர்தான். நியாயமான கோரிக்கை.

'காயல் 12' அப்போதுதான் வாயைத் திறந்தது. பெயர் ரிஸ்வானா. காயல்பட்டினம். கணவர் வளைகுடாவில் இருக்கிறார். அந்த ஊரில் கல்யாணமானாலும் பெண்கள் தாய்வீட்டில்தான் இருப்பார்கள். அதனால் உம்மாவோடும் கைக்குழந்தையோடும் இருக்கிறார். 'குழந்தையை விட்டுட்டு வெளியே வேலைக்குப் போக முடியாது. வீட்டுக்கே வர்ற வேலை இது ஒண்ணுதான். திருட்டுப் பட்டம் கட்டி அதைத் தட்டிப் பறிச்சுடாதீங்க. அடிச்சுக் காட்டுறேன், ஆனா முகம் காட்ட மாட்டேன்' என்று குரூப்பில் எழுதியிருந்தார்.

ஞாயிறு சாயங்காலம் எல்லோரும் கூடினோம். ரிஸ்வானாவின் கம்ப்யூட்டர் திரை ஒரு கட்டத்தில் தெரிந்தது. இன்னொரு கட்டத்தில், செல்போன் கேமரா வழியாக, ஒரு கீபோர்டும் மருதாணி போட்ட இரண்டு கைகளும். போனைப் பிடித்துக்கொண்டிருந்தது அவருடைய உம்மா. படம் கீபோர்டிலிருந்து நழுவி, தொட்டிலுக்குப் போய், மின்விசிறியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது.

"முகத்தைக் காட்டாம எப்பிடிம்மா நம்புறது?" என்றார் அண்ணாச்சி.

உம்மா பட்டென்று பதில் சொன்னார். "மூஞ்சிய எதுக்குக் காட்டணும்? என் புள்ள மூஞ்சியாலயா டைப் அடிக்கா?"

அண்ணாச்சி முகத்தை விட்டுவிட்டுச் சோதனைக்கு வந்தார்.

திரையில் பத்தி கொடுத்தால் ஏதாவது சாஃப்ட்வேர் அதைப் படித்துத் தானாக அடித்துவிடுமாம். அதனால் அண்ணாச்சி ஒரு யோசனை செய்திருந்தார். மேஜையில் கிடந்த ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து, தானே சத்தமாக வாசித்தார். ரிஸ்வானா அதைக் கேட்டு அடிக்க வேண்டும். நேரம் முடிந்ததும் கணக்குப் பார்த்தார்.

நாற்பத்தொன்று.

தொண்ணூற்றாறு எங்கே, நாற்பத்தொன்று எங்கே! ஆனால் ஒன்று உறுத்தியது. பாதி நேரம் அந்தக் கைகள் கீபோர்டின் மேல் சும்மாவே இருந்தன. களைத்துப்போனதாகவும் தெரியவில்லை. அதைச் சொல்லலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் இசக்கிராஜ் முந்திக்கொண்டார். மில் சங்கு மாதிரி குரல்.

"பாத்தியளா அண்ணாச்சி? நாப்பத்தொண்ணு! நான் அன்னைக்கே சொன்னேம்லா? ஒரு வருசமா முதுகு ஒடிய உக்காந்து அடிச்சு அம்பத்தெட்டுக்கு வந்துருக்கேன். இவிய மூணு மாசத்துல தொண்ணூத்தாறாம். கேக்கிறவன் கேனப்பயலா? எங்க அம்மை தெனமும் கேக்கா, வேலை என்னலே ஆச்சுன்னு. நான் என்ன பதில் சொல்ல?"

கடைசி வரியைக் கேட்க எனக்குப் பாவமாக இருந்தது.

அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார். "இசக்கி… ஸ்கிரீனைப் பாருடே."

பார்த்தோம். கேனப்பயல் இருந்தான். அம்மை இருந்தாள். 'வேலை என்னலே ஆச்சு' இருந்தது. ஒரு 'லா' கூட விட்டுப்போகவில்லை. கடைசியில், 'இசக்கி ஸ்கிரீனைப் பாருடே' என்பதும் வந்து நின்றது.

"என்ன வே இது, நான் பேசுததெல்லாம் வருது?" என்றார் இசக்கிராஜ். அதுவும் வந்தது.

ஆள் லேசில் விடுகிறவரா? "இது வாய்ஸ் டைப்பிங்! யக்கா, கைய எடுங்க பாப்போம்."

கைகள் உயர்ந்தன. உள்ளங்கை இரண்டும் எங்களைப் பார்த்து நின்றன.

"எங்க வீட்டுக்குப் பின்னால வாய்க்கா ஓடுது. இன்னைக்கு மத்தியானம் நெத்திலிக் கொழம்பு. ரெண்டு தடவ சோறு வாங்கித் தின்னேன்." பேசிவிட்டு இசக்கிராஜ் காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். திரையில் ஓர் எழுத்துகூட வரவில்லை.

"சரி… வைங்க."

கைகள் இறங்கின. சடசடவென்று சத்தம். வாய்க்கால் ஓடியது, நெத்திலிக் குழம்பு கொதித்தது, இரண்டாவது சோறும் பரிமாறப்பட்டது. கையைத் தூக்கி வைத்திருந்தபோது கேட்டதையெல்லாம் மனசில் வைத்திருந்து அடித்துவிட்டார்! 'சரி வைங்க' என்பதையும் சேர்த்து.

நான் எழுந்து நின்று கைதட்டினேன். என் மைக் அணைந்திருந்தது, யாருக்கும் கேட்கவில்லை. அதனால் என்ன? நல்ல வித்தையைப் பார்த்தால் கை தானாகத் தட்டத்தானே செய்யும்.

"அப்பம் நாப்பத்தொண்ணு எப்பிடிம்மா வந்துச்சு?" என்று கேட்டார் அண்ணாச்சி.

ரிஸ்வானா தயங்கித் தயங்கிச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணாச்சி. நீங்க ஒரு வரிய வாசிச்சிட்டு அடுத்த வரிக்கு வர்ற வரைக்கும் நான் சும்மாதான் இருந்தேன்."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணாச்சி சர்ச்சில் வேதம் வாசிக்கிறவர். ஒவ்வொரு வசனத்துக்கும் பிறகு, அது சபையின் மனசில் இறங்கட்டும் என்று இடம்விட்டு வாசித்துப் பழகியவர். கல்யாணப் பத்திரிகையையும் அதே பக்தியோடு வாசித்திருக்கிறார்! நாற்பத்தொன்று என்பது அவருடைய வாய் வேகம். அண்ணாச்சியும் கோபப்படவில்லை, தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"இப்பிடி அடிக்க எங்கம்மா படிச்ச?"

"எங்கயும் படிக்கல. உம்மா வீட்ல பேசிட்டே இருப்பாங்க… புள்ளய மடியில போட்டுக்கிட்டு, அவங்க பேசுறதையே அடிச்சு அடிச்சுப் பழகுனேன். உம்மா வேகத்துக்கு இசக்கி தம்பி பரவால்ல."

"என்னது?" உம்மாவின் குரல் உச்சத்துக்குப் போனது. "நான் பேசுனத பூராவுமா? பக்கத்து வீட்டுக்காரியப் பத்திச் சொன்னதையுமா?"

போன் கை தவறிக் கீழே விழுந்தது. எங்களுக்குக் கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் தெரிந்தது.

"அப்பப்ப அழிச்சிட்டேன் உம்மா!" என்ற குரல் மட்டும் கேட்டது.

வேலை ரிஸ்வானாவுக்குத்தான். புதன்கிழமை முதல் வகுப்பை முடித்துவிட்டார். ஒரு மாணவி, 'சார் சொல்ற ஜோக்குக்கு முதல்தடவையா மத்தவங்களோட சேர்ந்து நானும் சிரிச்சேன்' என்று எழுதியிருக்கிறாள். ரிஸ்வானா அதைக் குரூப்பில் போட்டிருந்தார். அந்தச் சிரிப்பைத்தான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து மோசடி என்று சொல்லித் தடுக்கப் பார்த்தோம்.

இசக்கிராஜ் அதன் கீழே ஒன்று எழுதினார். 'யக்கா, நான் பேசுனதுக்கு சாரி. உங்க உம்மாவைக் கொஞ்ச நேரம் பேசச் சொல்லி ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க. நானும் அதைக் கேட்டுப் பழகுதேன். அடுத்த தடவ வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் ரெடியா இருக்கணும்லா?'

பதில் உம்மாவிடமிருந்தே வந்தது, குரல் பதிவாக. பதினோரு நிமிடம். பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இசக்கிராஜ் ஐம்பத்தெட்டிலிருந்து அறுபத்திரண்டுக்கு ஏறிவிட்டார்.

நானும் அந்தப் பதிவைப் போட்டுப் பழகிப் பார்க்கிறேன். உம்மா பேசி முடித்துக் கடைசி சலாம் சொல்லும்போது நான் இன்னும் முதல் வரியில்தான் இருக்கிறேன். இந்த விஷயத்தில் எனக்கு ஒரே ஒரு குறைதான்… என்னை இதுவரை ஒருத்தர்கூடச் சந்தேகப்பட்டதில்லை!